ஏழாவது மாடியில் சோபா

ஹென்னூரில், இன்னும் கதவு வைக்காத வீட்டில்
சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்று
புட்டராஜு சொன்னார்:
"கல்பனெ மாடி நோடி, மேடம்.
இங்க சோபா. அங்க டிவி.
சாயங்கால வெயில் இப்படி வந்து விழும்."

சவரி தலையாட்டினான்.
இல்லாத சோபாவில் முழங்கால் இடித்துவிடாமல்
சுற்றிக்கொண்டு நடந்தான்.
"தள்ளி நில்லு, குஷன் மேல நிக்கிற"
என்றான் என்னிடம், சிரிக்காமல்.

கண்ணை மூடிப் பார்த்தேன்.
இமையின் உட்புறம்.
அவ்வளவுதான்.

அன்றிரவு லிங்கராஜபுரத்து வாடகை வீட்டில்
குக்கரைத் துடைத்தபடி கேட்டேன்:
நிஜமாவே தெரிஞ்சுதா, சோபா?
தெரிஞ்சுதே.
என்ன நிறம்?
பாசிப்பயறு. வலது கை மட்டும் கொஞ்சம் நைஞ்சிருக்கு.
வாங்காத சோபா
நைந்தும் போயிருக்கிறது.

முப்பத்தெட்டு வருடமாக
'கண்ணுக்குள்ளேயே நிக்கிறான்' என்று யாராவது சொன்னால்
வயிற்றில் புளியைக் கரைப்பதைப் போல
இதுவும் ஒரு பேச்சு என்றிருந்தேன்.
யார் வயிற்றில் யார் புளியைக் கரைத்தார்கள்?
காது குத்துகிறான் என்றால் ரத்தமா வருகிறது?
இப்போது பார்த்தால்
ஊரே நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது.
புளி மட்டும்தான் பொய்.

தவக்கால தியானத்தில்
'படகைக் காணுங்கள், ஈர வலையைக் காணுங்கள்' என்று
பங்குச்சாமி குரலைத் தாழ்த்திச் சொன்னபோது
சவரிக்கு மீன்வாடையே வந்ததாம்.
நான் கண்மூடி
பெஸ்காம் பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பக்தி போதவில்லை என்று அதையும்
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி
மூன்று அருள்நிறைந்த மரியே வாங்கினேன்.
அந்த மூன்றை
இனி யாரிடம் திரும்பக் கேட்பது?

"உங்கப்பா?" என்றான்.
சூடான தட்டை மேஜையில் வைப்பதுபோல
மெதுவாக வைத்தான் கேள்வியை.

முகம் வராது.
ஆனால் மீசையின் இடது பக்கம்
வலதைவிட ஒரு நூல் குட்டை.
சுரங்கத்து ஷிப்ட் முடிந்து வந்தால்
சைக்கிள் ஸ்டாண்டை இரண்டு முறை உதைப்பார்,
முதல் உதைக்கு அது விழாது.
ஆல்பத்தைத் திறக்காமலே சொல்வேன்.
படம் கிடையாது, சவரி.
கணக்கு இருக்கிறது,
பைசா குறையாமல்.

பாவம் என்றான்.
அந்த வார்த்தைக்கு
அரைமணி நேரம் அவனோடு பேசவில்லை.

மூன்று மணிக்கு விழித்தபோது
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.
என்ன?
நாகவாரா சிக்னல், என்றான்.

இரண்டு வருடமாகிறது.
பைக்கின் பின்சீட்டில் நானும் இருந்தேன்.
லாரி. டெலிவரிப் பையன். சிவப்புப் பை.
ரோட்டில் சிதறிய பிரியாணியில்
மழை விழுந்துகொண்டிருந்தது.
எனக்கு அது ஒரு வாக்கியம்.
கடைசியில் முற்றுப்புள்ளி உண்டு.
அவனுக்கு
இன்னும் மழை நிற்கவில்லை.

தினமுமா?
கண்ணை மூடினா.

எத்தனை இரவுகள் இவன் பக்கத்தில்
தலையணையில் தலை பட்ட நொடியில்
மெயின் சுவிட்சை அணைத்ததுபோல்
தூங்கிப்போயிருக்கிறேன்.
"உன் இருட்டுல கொஞ்சம் கடன் கொடேன்" என்றான்.
அவன் கண்கள்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
கை அதற்கு மேல் உள்ளே போகாது.
தெரிந்துதான் வைத்தேன்.

சனிக்கிழமை, பெயிண்ட் அட்டை.
நூற்று நாற்பது சதுரங்கள்.
அவன் ஒவ்வொன்றாக எடுத்து
எங்கோ இருக்கும் சுவரில்
பூசிப் பூசி அழித்துக்கொண்டிருந்தான்.
நான் புட்டராஜுவிடம் சொன்னேன்:
மூணு நிறம். முறம் அகலத்துக்கு. நிஜச் சுவர்ல.
"டைம் வேஸ்ட், மேடம்" என்று அலுத்துக்கொண்டு
ஆள் அனுப்பினார்.

ஐந்தரை மணி வரை நின்றோம்.
வெயில்
புட்டராஜு சொன்ன இடத்தில் விழவில்லை.
எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியில் பட்டு
கோணலாகத் திரும்பி
நடுவிலிருந்த நிறத்தின் மேல் மட்டும் வந்தது.

"நான் நினைச்ச மாதிரியே இல்ல" என்றான்.
"நான் நினைக்கவே இல்ல" என்றேன்.
சோபா இருந்த இடத்தில்
தரையிலேயே உட்கார்ந்துகொண்டோம்.